சிதாமின் கணக்கு



ஆணுக்கும் பெண்ணுக்கும் இயல்பூக்கங்கள் வேறு வேறானவை என்றும், மனிதரின் நடத்தை முழுவதற்கும் அவையே அடிப்படை என்றும் கூறுவோர் உளர். அக்கொள்கையை ஒரு வங்கச் சிறுகதையில் உரைத்துப் பார்ப்போம்.

இரவீந்திரநாத தாகூர் 1893-ஆம் ஆண்டில் ‘சாஸ்தி’ என்னும் கதையை வெளியிட்டார். தண்டனை என்பது அதன் பொருள். துக்கிராம், சிதாம் என்போர் கூலி வேலை செய்யும் சகோதரர். பசியோடு வீடு திரும்பிய மூத்தவன், சுடுசொல் கூறிய மனைவியை ஆத்திரத்தில் வெட்டிக் கொன்றுவிடுகிறான். இளையவன் அப்பழியைத் தன் இளம் மனைவி சந்தராவின்மேல் சுமத்துகிறான். மனைவி போனால் வேறொருத்தி வருவாள். அண்ணன் போனால் வேறோர் அண்ணன் வருவானோ என்பது அவனுடைய கணக்கு.

இரத்த உறவினருக்கு உதவும் பண்பு இயற்கைத் தேர்வினால் வளரக்கூடும் என்பதை, ஹாமில்டன் என்னும் ஆங்கில உயிரியலறிஞர் 1964-இல் கணித முறையில் காட்டினார். சிதாமின் செயலுக்கும் இதுவே காரணம் என்று ஒருநாள் நான் வகுப்பில் விளக்கினேன். அப்போது ஒரு மாணவி எழுந்து, “ஐயா, கணவன் போனால் சந்தராவுக்கு வேறொரு கணவன் கிடைத்திருப்பானா?” என்று வினவினாள். நான் விடை கூற இயலாது நின்றேன்.

அவ்வினாவே என்னை வரலாற்றின்பால் செலுத்தியது. விதவை மறுமணத்தைச் சட்டம் 1856-லேயே அனுமதித்தது. எனினும் வங்கத்தில் பல சமூகங்களின் வழக்கம் அதனை ஏற்கவில்லை. இந்து ஆடவனோ முதல் மனைவி உயிரோடிருக்கும்போதே மற்றொருத்தியை மணக்கலாம். மேற்கு வங்கத்தில் அதனைத் தடுத்தது 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டமே. அண்ணன்மேல் கொண்ட பாசம் குருதியின் வழி வந்ததாகலாம்; ‘வேறொருத்தி வருவாள்’ என்ற துணிவைச் சிதாமுக்குத் தந்தது வழக்கமே அன்றோ!

சந்தராவின் செயலையும் எண்ணிப் பாருங்கள். தப்பிக்கும் வழியைக் கணவன் கற்பித்தும், தானே கொன்றதாக அவள் நீதிமன்றத்தில் உறுதியாகக் கூறுகிறாள். சகோதரர் இருவரும் குற்றத்தைத் தம்மேல் ஏற்க முன்வந்தும் பயனில்லை. தூக்குமேடைக்குச் செல்லுமுன் கணவனைக் காணவும் மறுக்கிறாள். உயிரைக் காத்துக்கொள்வதே முதன்மையான இயல்பூக்கம் எனில், இம்மறுப்பை எதில் அடக்குவது?

இயல்பூக்கம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஒரு கதையில் ஆணோ பெண்ணோ ஒன்றைச் செய்தால், ‘இது அவர் இயல்பு’ என்று கூறி நூலை மூடிவிடாதீர்கள். அக்காலத்தின் சட்டமும் வழக்கமும் யாருக்கு எவ்வழியைத் திறந்தன, யாருக்கு எவ்வழியை அடைத்தன என்றும் கேளுங்கள். அம்மாணவி எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.