கற்பிப்பவருக்குக் கற்பித்தவர்கள்



சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறைக்கல்வி வகுப்பு முடிந்த பிறகு, கல்லூரியில் படிக்கும் ஒரு மகள் என் அறை வாசலில் வந்து நின்றாள். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள்தான் ஆசிரியை. "ஃபாதர், அடுத்த வாரத்திலிருந்து நான் வரலை" என்றாள். தேர்வு நெருங்குகிறதோ என்று நினைத்தேன். அவள் சொன்ன காரணம் வேறு. ஒரு சிறுவன் எழுந்து, "அக்கா, எங்க பாட்டிக்காக தினமும் செபம் பண்ணோம். அப்புறம் ஏன் செத்துப்போச்சு?" என்று கேட்டிருக்கிறான். "எனக்குப் பதில் தெரியலை ஃபாதர். தெரியாதவ அங்க நிக்கக் கூடாதில்ல?" என்றாள்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்த மகளிடம் நான் ஒரு பாடநூலும் வருகைப் பதிவேடும் சுண்ணக்கட்டிப் பெட்டியும் கொடுத்திருந்தேன். வேறு எதையும் கொடுக்கவில்லை. குருமடத்தில் எனக்குப் பல ஆண்டுகள் இறையியல் கற்றுக்கொடுத்தார்கள். அவளுக்கு நான் ஒரு மணி நேரம்கூட ஒதுக்கவில்லை.

நம் தமிழ் மண்ணில் விசுவாசம் வேரூன்றிய வரலாற்றை அதன்பின் மீண்டும் புரட்டிப் பார்த்தேன். அது பெரும்பாலும் பொதுநிலையினர் கற்பித்த வரலாறு.

1542-ஆம் ஆண்டு புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்த நம் மக்களை உட்காரவைத்து, செபங்களைத் தமிழில் ஆக்கி, மனப்பாடம் செய்து, ஊர் ஊராகச் சென்று கற்பித்தார். நோயாளிகளைச் சந்திக்க அழைப்புகள் குவிந்தபோது, செபம் கற்ற சிறுவர்களையே அந்த வீடுகளுக்கு அனுப்பினார். பிள்ளைகள் தம் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்றுக்கொடுத்ததை அவரே மகிழ்ந்து எழுதியிருக்கிறார்.

ஆனால் அவர் ஓரிடத்தில் தங்கக்கூடியவர் அல்லவே! எனவே ஊர்தோறும் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். பிள்ளைகளைக் கூட்டிச் செபம் சொல்லித்தருவதும், சாகும் தறுவாயிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் அவர்கள் பொறுப்பு. அவர்களது வாழ்வாதாரத்தையும் சவேரியார் மறக்கவில்லை. போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று அந்தக் கரையிலிருந்து ஆண்டுதோறும் 4,000 பணம் வரியாகப் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்கி, கற்பிப்பவர்களுக்கே கொடுத்தார்.

அவருக்குப் பின் அதே கரையில் உழைத்தவர் ஹென்றிக் ஹென்றிக்கஸ் அடிகளார். இந்த ஆசிரியர்களின் கையில் நூல் வேண்டும் என்று உணர்ந்தார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்ட சிற்றேடு. இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அதுவே. அடுத்த ஆண்டு கொச்சியில் வந்த 'கிரிசித்தியானி வணக்கம்' கேள்வியும் பதிலுமாக அமைந்தது. நம் பாட்டிமார் தலைகீழாகச் சொல்லும் சின்னக் குறிப்பிடத்தின் மூதாதை அது என்று சொல்லலாம்.

நூல் வந்தால் போதுமா? போதாது என்று அறிந்தவர் வீரமாமுனிவர். 'தேம்பாவணி' பாடியவராகவே அவரை நாம் அறிவோம். அவர் எளிய உரைநடையில் 'வேதியர் ஒழுக்கம்' என்றொரு நூலும் எழுதினார். குருக்கள் மிகச் சிலரே இருந்த காலம் அது. குருவின் முகத்தையே அரிதாகக் கண்ட ஊர்களில் விசுவாசத்தைக் காத்தவர்கள் வேதியர்கள். அந்த நூல் எழுதப்பட்டது பிள்ளைகளுக்காக அல்ல, பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்களுக்காக. அவர்களுடைய ஆன்மாவைக் காப்பது தன் கடமை என்று அந்த மாமுனிவர் எண்ணினார்.

நம் புதுச்சேரிக்கு வருவோம். 1844-இல் பொன்னான் ஆண்டகையின் காலத்தில் இங்கே மாமன்றம் கூடியது. கல்வியைப் பற்றியும் உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதைப் பற்றியும் அது சிந்தித்தது. பெண்பிள்ளைகள் படிப்பதையே பலர் ஏற்காத நாளில், அதே ஆண்டு தந்தை துபுய் இந்த மண்ணின் பெண்களையே முதலில் உருவாக்கி, பெண்பிள்ளைகளுக்குக் கற்பிக்க அனுப்பினார். மரியாவின் மாசற்ற இருதய பிரான்சிஸ்கன் சகோதரிகள் சபை அப்படித்தான் பிறந்தது.

அன்புக்குரியவர்களே, இவர்கள் அனைவரும் செய்தது ஒன்றுதான். கற்பிப்பவரைத் தனியே விட்டுவிடவில்லை. ஒருவர் பிழைப்புக்கு வழி செய்தார், ஒருவர் நூல் கொடுத்தார், ஒருவர் உள்ளத்தைப் பேணினார், ஒருவர் பயிற்சி தந்தார். 2021 மே மாதத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி ஆசிரியர் பணியைத் திருஅவையின் பொதுநிலையினர் திருப்பணிகளுள் ஒன்றாக ஏற்படுத்தியபோது, அது மிகத் தொன்மையான பணி என்றே குறிப்பிட்டார். நாமோ அதை, "யாராவது சும்மா இருந்தால் வரச் சொல்லுங்கள்" என்று அறிவிப்பு நேரத்தில் கேட்கும் வேலையாக்கிவிட்டோம்.

அந்த மகளின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் பெற்றோர் பதறிப்போனார்கள். "நீ விடை தெரியாமல் நின்றது குறையல்ல, உன்னைத் துணையின்றி நிற்கவைத்ததுதான் குறை" என்றேன். பாட்டியை இழந்த அந்தப் பையனைப் பற்றி நெடுநேரம் பேசினோம். லாசரின் கல்லறையருகே ஆண்டவரும் முதலில் விளக்கம் சொல்லவில்லை, அழுதார் என்பதை இருவரும் நினைவுகூர்ந்தோம். அடுத்த ஞாயிறு அவள் வகுப்புக்கு வந்தாள். அந்தச் சிறுவனை அருகில் அழைத்து, "எனக்கும் தெரியலடா, வா, பாட்டிக்காகச் செபிப்போம்" என்றாளாம்.

இப்போது நம் பங்கில் சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் ஆசிரியர்களுக்கானது. மறுநாள் பாடத்தைச் சேர்ந்து படிக்கிறோம், பிள்ளைகள் கேட்ட கேள்விகளைப் பகிர்கிறோம், பிறகு செபிக்கிறோம். ஒரு வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவருக்குத் தேர்வோ காய்ச்சலோ வந்தால் மற்றவர் இருப்பார். பங்குப்பேரவையின் செலவுத் திட்டத்திலும் இதற்கென்று ஒரு தொகை உண்டு.

பெற்றோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு காலை பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பாதீர்கள். வகுப்பு முடிந்து வரும்போது, "இன்று என்ன கேட்டாய்?" என்று விசாரியுங்கள். ஆசிரியரை வழியில் கண்டால் ஒரு நன்றி சொல்லுங்கள். கூடாரம் செய்து பிழைத்த அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும், நாவன்மை மிக்க அப்பொல்லோவையே தங்கள் வீட்டுக்கு அழைத்துக் கற்பித்தார்கள். உங்களில் யாரை ஆண்டவர் அப்படி அழைக்கிறாரோ, நான் அறியேன். அழைப்பைக் கேட்டவர்கள் சனிக்கிழமை மாலை வாருங்கள். இம்முறை தனியே நிற்க விடமாட்டோம்.

நல்ல ஆசிரியராகிய இயேசு நம் பிள்ளைகளையும், அவர்களுக்குக் கற்பிக்கும் ஒவ்வொருவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.