பன்னீர் ரோஜா

தமிழகத்து வீட்டு வாசல்களிலும் கிணற்றடிகளிலும் தலைமுறைகளாக வளர்ந்துவரும், இளஞ்சிவப்பு நிறமும் அடர்ந்த மணமும் கொண்ட பழைய ரோஜாவுக்கு வழங்கும் பெயர். நாட்டு ரோஜா என்றும் சொல்வார்கள்; ஆனால் அதன் பூர்வீகம் இந்த நாடு அல்ல. பெயர் ஒத்திருந்தாலும் பன்னீர் மரம் முற்றிலும் வேறு. திருச்செந்தூரில் விபூதி வைத்துத் தருவது அந்த மரத்தின் இலையில்தான்.

பாட்டி வைத்தது என்று ஒரு செடியைக் காட்டினால், அது பெரும்பாலும் இரண்டு குலங்களில் ஒன்றாக இருக்கும். மூத்தது டமாஸ்க். சிலுவைப் போர் வீரர்கள் டமாஸ்கஸிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள் என்ற கதையே இந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிறது. பழைய டமாஸ்க் வகைகளின் மரபணுவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2000-இல் ஆராய்ந்தபோது, காலிக்கா, மஸ்க், மத்திய ஆசியாவின் ஃபெட்சென்கோ என மூன்று ரோஜாக்கள் அதில் கலந்திருப்பது தெரிந்தது.

பன்னீர், அத்தர் இரண்டுக்குமே உகந்த பூ டமாஸ்க். மணத்தின் பெரும்பகுதியான ஃபினைல் எத்தில் ஆல்கஹால் நீரில் கரையும். அதனால்தான் இதழை வடித்த தண்ணீரே மணக்கிறது. எண்ணெய் கிடைப்பது அரிது: ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 3,500 முதல் 4,000 கிலோ பூ வேண்டும். சூடான பன்னீரைத் தட்டுகளில் ஊற்றியபோது மேலே படிந்த ஏட்டைச் சிறிது சிறிதாக வழித்தெடுத்து அத்தர் கண்டவர் நூர்ஜகானின் தாயார் என்று ஜகாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்தப் பெருமை மகளுக்குப் போய்விட்டது. தாய்க்கே அதைத் திருப்பித் தருவதுதான் நியாயம்.

இளையது போர்பன். இந்தியப் பெருங்கடலில் இன்று ரீயூனியன் எனப்படும் போர்பன் தீவில் அன்று ரோஜாவே தோட்டத்து வேலி. ஒரு வரிசையில் இலையுதிர்கால டமாஸ்க், மறு வரிசையில் சீன ரோஜா. இரண்டும் தாமாகக் கலந்து முளைத்த செடியை எதுவார் பெரிஷோன் என்பவர் தனியே வளர்த்தார். 1817-இல் அங்கு வந்த தாவரவியலாளர் பிரெயோன் அதைக் கவனித்து, பிறகு பாரிஸுக்கு விதை அனுப்பினார். எதுவார் என்ற பெயரே இந்தியத் தோட்டக்காரர்கள் வாயில் எட்வர்ட் ரோஸ் ஆயிற்று. தமிழகத்தில் மாலைக்கும் உதிரிப் பூவுக்கும் அதைப் பயிரிடுகிறார்கள். சமவெளி நாற்றங்கால்களில் புதுவகை ரோஜாக்களை ஒட்டுக்கட்ட அதுவே வேர்ச்செடியாகவும் பயன்பட்டது.

இந்தக் கடைசிச் செய்தி, குடும்பச் செடியை இனம் காண்பவருக்கு மிகவும் முக்கியம். கடையில் வாங்கிய ஒட்டுச்செடி சில ஆண்டுகளில் பட்டுப்போவதுண்டு. தூரிலிருந்து புதுப்போத்து கிளம்பி அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்பா வாங்கியது சிவப்பு ரோஜாதானே, இது ஏன் வேறு நிறத்தில் பூக்கிறது என்று வீட்டார் திகைப்பார்கள். மண்ணுக்குள் இருந்த வேர்ச்செடிதான் வெளியே வந்திருக்கிறது!

நிறத்தை நம்பி முடிவு சொல்லக் கூடாது. வெயிலுக்கும் எருவுக்கும் அது மாறும். தண்டைத் தடவிப் பார்க்க வேண்டும். டமாஸ்கில் பெரிய முள்ளும் சிறிய முள்ளும் மயிர் போன்ற சுணையும் கலந்து நெருக்கமாக இருக்கும். இலை வெளிர்பச்சை, அடிப்புறம் மெத்தென்றிருக்கும். மொட்டின் கீழே உள்ள பச்சைக் குடுவை ஒடுங்கி நீண்டு புனல் போலிருக்கும். புல்லியிதழ்களை விரலால் நசுக்கினால் பிசுபிசுப்போடு மணம் ஒட்டும். போர்பனில் முள் குறைவு. உள்ளவை தடித்து வளைந்தவை. இலை பளபளக்கும், பூ கிண்ணம் போலக் குவிந்திருக்கும். சீன ரோஜாவின் ரத்தம் அதில் ஓடுவதால் அடிக்கடி பூக்கும். கூரிய நீண்ட மொட்டு, காம்புக்கு ஒரே பெரிய பூ என்றிருந்தால், அது 1867-இல் வந்த லா ஃபிரான்ஸுக்குப் பிந்திய ஹைபிரிட் டீ வகையாக இருக்கலாம்.

விதையிலிருந்து வளரும் செடி தாயைப் போல இராது. பழைய செடியை அப்படியே காக்க, பென்சில் கனமுள்ள போத்தை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு மழைக்காலத்தில் ஊன்றலாம். இரண்டு உறவினர் வீட்டில் ஒவ்வொன்று இருந்தால், தாய்ச்செடி பட்டாலும் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.