வக்ஃப் கடையும் வாடகையும்

கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலத்தை நிறுத்திவைத்து விளைச்சலைத் தர்மம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். வக்ஃபின் அடிப்படை இதுவே.

நம் தஞ்சை மாவட்டம் அதிராம்பட்டினத்தில் எம்.கே.என். மதரஸா டிரஸ்ட் 1955இல் காதிர் முகைதீன் கல்லூரியை நிறுவியது. முன்னோர் விட்டுச்சென்ற அறம், எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் இன்று கல்வியாகப் பாய்கிறது.

அவ்வளவு பெரிய கொடைக்குச் சிறு வணிகர் எங்கே போவது என்று கேட்கலாம். வணிகப் பொருளுக்கு நாற்பதில் ஒரு பங்கு ஜகாத் கடமை. வக்ஃப் கட்டடத்தில் கடை நடத்துவோர்க்கு மற்றொரு கடமையும் உண்டு: நியாயமான வாடகை. நாடெங்கும் பதிவான சுமார் 4.9 லட்சம் வக்ஃப் சொத்துகளின் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 163 கோடி ரூபாய்தான் என்று 2006இல் சச்சார் குழு கூறியது. பாட்டனார் காலத்து வாடகையே தொடர்வதும் இதற்கு ஒரு காரணம்.

தலைமடையில் நீரை அடைத்தால் கடைமடை காயும் என்பதைக் காவிரி மண்ணில் பிறந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் குறைத்துக் கொடுக்கும் வாடகை, ஓர் அநாதைப் பிள்ளையின் பங்கு. நன்கொடை நோட்டில் பெயர் எழுதுமுன், வாடகை நோட்டைப் புரட்டிப் பார்ப்போமாக.