திருட்டு வழக்கும் இருளர் குடியிருப்பும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து இருளர்கள் பெரும்பாலும் ஊரைவிட்டுத் தள்ளி, ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டு வாழ்கிறவர்கள். வயலில் எலி பிடிப்பது, கரும்பு வெட்டுவது, முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் வேலை செய்வது என்று பிழைப்பு நடக்கிறது. சுற்றுவட்டாரத்தில் நகை காணாமல் போனால் போலீஸ் முதலில் தங்களைத்தான் தேடி வருகிறது, துப்புத் துலங்காத பழைய கேஸ்களையும் சேர்த்துத் தங்கள் தலையில் கட்டுகிறது என்பது அந்தக் குடும்பங்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவரும் புகார். இதைப் பாதிக்கப்பட்டவர்களின் புலம்பலாக அல்ல, சாட்சியமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். நீதிமன்றத்தின் முன் இருப்பது ஒரே ஒரு வழக்குக் கட்டு. அப்பனுக்கு நடந்தது, மகனுக்கு நடந்தது, அடுத்த குடிசைக்காரனுக்கு நடந்தது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க முடிந்தது குடும்பத்துக்குத்தான். பாரபட்சம் தெரிவதும் அப்படிச் சேர்த்துப் பார்க்கும்போதுதான்.

இந்த மண்ணில் ஒரு சாதி முழுவதையும் குற்றவாளியாக எழுதிவைத்தது சட்டமே. 1871-இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் வேப்பூர்ப் பறையர் மீது அந்த முத்திரை விழுந்தது. குறவர் பிரிவுகளும் தப்பவில்லை. பட்டியலில் ஏறிய குடும்பங்களை அடைத்துவைத்துத் திருத்துவதற்கென்றே அஜீஸ் நகர் போன்ற குடியிருப்புகள் அமைக்கப்பட்டன. சென்னை மாகாணம் 1947-இல் இந்தச் சட்டத்தை ஒழித்தது. ஆனால் மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த முத்திரை நீக்கப்பட்ட சமூகங்களான சீர்மரபினரின் இன்றைய பட்டியலில் இருளர் பெயர் இல்லை. அவர்கள் பட்டியல் பழங்குடியினர். சட்டம் பெயர் குறிக்காத ஒரு சமூகத்தின் மேலும் அதே சந்தேகம் படர்ந்தது என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. பட்டியல் போனாலும், பட்டியல் போட்ட கண் போகவில்லை.

தென்னாற்காட்டிலிருந்து விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்த ஆண்டு 1993. அதே ஆண்டில், முதனையைச் சேர்ந்த குறவர் ஒருவர் திருட்டு விசாரணைக்கென்று கம்மாபுரம் போலீசாரால் கொண்டுபோகப்பட்டு, காவலில் இறந்தார். ‘ஜெய் பீம்’ படத்துக்கு மூலம் இந்த வழக்குதான். அத்தியூரில், திருட்டு வழக்கில் ஒருவரைத் தேடி வந்த புதுச்சேரிப் போலீசார் மீது இருளர் பெண் ஒருவர் பாலியல் வன்முறைப் புகார் கொடுத்ததும் அதே 1993-இல். அந்த வழக்கில் துணை நின்ற திண்டிவனம் பேராசிரியர் பிரபா கல்விமணி, பின்னர் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தைக் கட்டியெழுப்பினார். ஆறு போலீசாருக்கு விழுப்புரம் நீதிமன்றம் தண்டனை விதித்தபோது 2006 ஆகிவிட்டது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. 2011 நவம்பரில், அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த திருக்கோவிலூர் அருகே, மறுபடியும் திருட்டு விசாரணை. மறுபடியும் நான்கு இருளர் பெண்களின் பாலியல் வன்முறைப் புகார். பதினெட்டு ஆண்டு இடைவெளி, வேறு காவல் நிலையம், ஆனால் தொடக்கம் ஒன்றே.

குற்றமற்றவர்களை நீதிமன்றம் விடுதலை செய்துவிடுகிறதே, பிறகு விசாரணையில் என்ன அநீதி என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் திருட்டு வழக்கின் விதி பெரும்பாலும் முதல் இரண்டு நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு சொன்னது. அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கிடைத்தது என்றால் அந்த அளவுக்கு ஏற்கலாம் என்று 27-ஆம் பிரிவு வழிவிட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது. ஆகவே நகை, அதைக் கைப்பற்றியதற்கான மகஜர், இரண்டு சாட்சிக் கையெழுத்து இருந்தால் வழக்கு எழுந்து நின்றுவிடும். கைதானவருக்கு எழுத்து தெரியாது, அந்த அறையில் வக்கீலும் இல்லை. அடுத்து ஜாமீன். பட்டா இல்லாத குடும்பத்துக்குச் சொத்துக் காட்டி ஜாமீன் நிற்க யார் வருவார்? 1978-லேயே மோதிராம் வழக்கில், ஒரு கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய் ஜாமீன் கேட்டதை நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்தார். அப்படியும் சூளை முதலாளியிடம் கடன் வாங்கித்தான் வெளியே வர வேண்டியிருக்கிறது என்றால், விடுதலைத் தீர்ப்பு வரும்போது குடும்பம் அந்தக் கடனுக்கு உழைத்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. இந்த வழக்கில், இந்த அதிகாரி, இந்த மனிதனைச் சாதி பார்த்துத்தான் பிடித்தார் என்று எப்படி நிரூபிப்பது? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987-இல் மெக்ளெஸ்கி வழக்கில் இதையேதான் கேட்டது. கொல்லப்பட்டவர் வெள்ளையர் என்றால் மரண தண்டனைக்கான வாய்ப்பு பல மடங்கு என்று ஆய்வு காட்டியும், தனி வழக்கில் பாரபட்சம் நிரூபணமாகவில்லை என்று 5-4 பெரும்பான்மையில் தள்ளிவிட்டது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பவல், ஓய்வுபெற்ற பிறகு, முடிந்தால் அந்த வாக்கை மாற்றிப் போடுவேன் என்றார். நம் உச்ச நீதிமன்றத்துக்கும் அப்படி ஒரு திருத்தம் வாய்த்தது. மகாராஷ்டிரத்தில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கும் 2009-இல் தூக்குத் தண்டனை என்று தீர்ப்பளித்த அதே நீதிமன்றம், 2019 மார்ச்சில் ஆறு பேரையும் நிரபராதிகள் என்று விடுவித்து, தலைக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. நேரில் பார்த்த சாட்சி போலீஸ் புகைப்படங்களில் வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். போலீஸ் அந்த வழியில் விசாரிக்கவே இல்லை. இது வழக்குக் கட்டிலேயே இருந்த விவரம். அதன் கனம் உணரப்படப் பத்தாண்டு ஆனது.

பட்டியல் சாதி, பழங்குடியினர் மீது பொய் வழக்குப் போடுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(p) பிரிவின்படி குற்றம். சீர்மரபினரைத் தன்னிச்சையாகக் கைது செய்யக் கூடாது என்று 2024 அக்டோபரில் சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் நினைவூட்டியது. இவை பயன்பட வேண்டுமானால், ஒவ்வொரு காவல் நிலையமும் திருட்டு வழக்கில் பிடித்தவர்களின் சமூகம், மீட்ட பொருள், மகஜர் சாட்சிகளின் பெயர், வழக்கின் முடிவு ஆகியவற்றைச் சேர்த்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். விழுப்புரத்தில் ஒரே சாட்சிகள் எத்தனை மகஜரில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது அப்போது தெரியும்.