கழுத்துக் காயமும் எக்ஸ்ரே படமும்

நமது கழுத்தில் ஏழு எலும்புகள் உள்ளன. அவற்றின் நடுவே செல்லும் தண்டுவடம் சிதைந்தால் கைகால்கள் செயலிழக்கும்; சுவாசமே நின்றுவிடவும் கூடும். ஆகவே, விபத்தில் அடிபட்டவர் கழுத்தைப் படம் பிடித்துப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். ஆனால் யாருக்குப் படம் வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று வரையறுத்த வரலாறு மிக அண்மைக் காலத்தது.

1895ஆம் ஆண்டில் ஜெர்மானிய விஞ்ஞானி ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. யந்திரம் முதன்முதலாக ஒரு நோயாளியைப் படம் எடுத்தது. யந்திரங்கள் வளர வளர, ஒரு முறிவைத் தவறவிட்டால் என்னாகுமோ என்ற அச்சத்தால் படங்களும் பெருகின. அவற்றில் மிகப் பெரும்பாலானவை குறையேதும் காட்டவில்லை. அதுவரை நோயாளி கழுத்துப் பட்டையுடன் அசையாமல் கிடக்க வேண்டும். கதிர்வீச்சையும் ஏற்க வேண்டும்.

2000ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வொன்றின் முடிவு வெளிவந்தது. 21 மருத்துவமனைகளில் 34,069 பேரை ஆராய்ந்ததில், 818 பேருக்கே கழுத்தெலும்பில் காயம் இருந்தது. பின்கழுத்தின் நடுவே தொட்டால் வலி இல்லை, போதை இல்லை, நினைவு தெளிவாயிருக்கிறது, நரம்புக் குறை இல்லை, கவனத்தைத் திருப்பும் வேறு கடுங்காயமும் இல்லை. இவ்வைந்தும் பொருந்தினால் படம் வேண்டாம் என்பது அவர்கள் விதி. அது அந்த 818 பேரில் 8 பேரையே தவறவிட்டது.

மறு ஆண்டில் கனடாவின் இயன் ஸ்டீலும் குழுவினரும் மற்றொரு விதியைத் தந்தனர். நினைவு தெளிந்த பெரியவர்களுக்கான விதி அது. வயது 65 அல்லது அதற்கு மேலா? மூன்றடிக்குக் குறையாத உயரத்திலிருந்து வீழ்ச்சி, தலையுச்சியில் நேரான தாக்குதல் போன்ற அபாயம் நேர்ந்ததா? கைகால்களில் மரமரப்பு உண்டா? ஒன்று இருந்தாலும் படம் எடுத்தாக வேண்டும். எதுவுமின்றி, கழுத்தைச் சோதிப்பதில் ஆபத்தில்லை என்பதற்கான அறிகுறியும் இருந்தால், மருத்துவர் கழுத்தைத் தாமே திருப்பச் சொல்வார். இருபுறமும் 45 பாகை திரும்பினால் படம் தேவையில்லை. 2003இல் அக்குழுவினரே 8,283 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டனர். முக்கியமான காயங்களில் கனடிய விதி ஒன்றையும், அமெரிக்க விதி 16ஐயும் தவறவிட்டன.

இவ்வரலாறு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். மும்பையின் காட்கோபரை எண்ணிப் பார்ப்போம். நெரிசல் மிகுந்த ரயில் நிலையம். அருகே மாநகராட்சியின் ராஜாவாடி மருத்துவமனை. 2024 மே 13ஆம் நாள் புயற்காற்றில் மாபெரும் விளம்பரப் பலகை பெட்ரோல் நிலையத்தின்மீது சாய்ந்து 17 பேர் மாண்டனர். காயமுற்றோர் பலர் ராஜாவாடிக்கே கொண்டுசெல்லப்பட்டனர். இத்தகைய நாளில், தேவையற்ற ஒரு படத்தைத் தவிர்த்தால், தேவையுள்ள ஒருவருக்கு யந்திரம் விரைவில் கிட்டும். மேலிருந்து பாரம் விழுந்து தலையுச்சியில் அடிபட்டவரோ, வலியே இல்லையென்று சொன்னாலும் படத்துக்கு உரியவர்.

ஒன்றை மட்டும் நேயர்கள் மறத்தலாகாது. இவை மருத்துவமனையில் மருத்துவர் கையாளும் விதிகள். வீதியிலோ தண்டவாளத்தருகிலோ வீழ்ந்தவரின் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பது நம் வேலையன்று. தலையை அசையாமல் காத்து உதவியை அழைப்பதே நாம் செய்யத்தக்கது. எவரைப் படம் பிடிப்பது என்பதை யந்திரம் சொல்லாது. கேள்வியும் கைத்தொடுகையும் அறிந்த மருத்துவரே சொல்ல வேண்டும்.