கருங்கண்ணிக்கு யார் பட்டா?

விதை மூட்டையின் வாயில் சேர்த்துத் தைத்திருக்கும் சான்று அட்டையைத்தான் என் உத்தியோக காலம் முழுக்க அதிகம் பார்த்தேன். வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். பயிர், ரகம், குவியல் எண், முளைப்பு சோதித்த தேதி, காலாவதி தேதி என்று எல்லாம் அதில் இருக்கும். நரிக்குடி, பரளச்சிப் பக்கமிருந்து திருச்சுழி டெப்போவுக்கு வரும் சம்சாரிகள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். “சார், இது ஆரு விதை?” என்பார்கள். “கவர்மெண்டு விதைதான் அண்ணாச்சி” என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும், மூட்டை வண்டி ஏறிவிடும்.

அந்த “கவர்மெண்டு விதை”க்குப் பின்னால் நூறு வருஷத்துக் கதை கிடக்கிறது.

எங்கள் கரிசலில் அன்றைக்கு உப்பமும் கருங்கண்ணியும்தான் பருத்தி. ஐப்பசி மழைக்கு விதைத்தால் மாசி, பங்குனியில் வெடிக்கும். கிணறு கிடையாது, வானம் பார்த்த பூமி. அருப்புக்கோட்டை, சாத்தூர், விருதுபட்டிச் சந்தைகளில் சேர்ந்த பஞ்சு தூத்துக்குடியில் கப்பலேறும். வெள்ளைக்கார வியாபாரிகள் அதற்கு வைத்த பெயர் திருநெல்வேலிப் பஞ்சு. அதில் புளிச்சை என்ற மட்டப் பருத்தி கலந்தது. அரைத்தால் பஞ்சு எடை கூடும், இழையோ முரடு, குட்டை. எடைக்குக் காசு என்றால் கலப்படம் நிற்குமா? சந்தையில் பெயர் கெட்டது.

1901-இல் கோவில்பட்டியில் அரசு பண்ணை வந்தது. நல்ல விதையைப் பிரித்தெடுப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்றானது. வேலை நடந்த விதம் எளிமையானது. வெள்ளாமை நிற்கும் புஞ்சைகளுக்குள் இறங்கி, இழை நீளமும் காய்ப்பும் நல்லதாகத் தெரியும் தனிச் செடிகளைக் குறித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனி வரிசையாக விதைத்துப் பார்த்து, தேறியதைப் பெருக்குவார்கள். பிறகு நம்பிக்கையான விவசாயிகளிடம் கொடுத்து விளைய வைத்து, அந்த விதையை ஊர் ஊராகப் பரப்புவார்கள். பின்னாளில் ஒட்டும் சேர்த்தார்கள். கே 1, கே 11 என்று எண் போட்டு வந்த கருங்கண்ணி ரகங்கள் இந்த வழியில் வந்தவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1971-இல் அமைந்தபின் பொறுப்பு அங்கே போனது. அருப்புக்கோட்டை மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட சீத்தாப்பழ ரகத்தின் பெயரிலும் ஏ.பி.கே. என்று எங்கள் ஊர் நிற்கிறது.

ஊர் நிற்கிறது, ஆராய்ச்சி நிலையம் நிற்கிறது. குறித்துக்கொண்ட அந்த முதல் செடி யாருடைய புஞ்சையில் நின்றது? நான் படித்த ரகக் குறிப்புகளில் “உள்ளூர்த் தேர்வு” என்ற இரண்டு வார்த்தையோடு அது முடிந்துவிடும். நல்ல காயாகப் பார்த்து ஒதுக்கி, விதையைக் குலுக்கையில் காப்பாற்றிய சம்சாரி குடும்பம் எதற்கும் அதில் இடம் கிடையாது. இது எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம்.

ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. நாமும் கேட்காமல் எடுத்தவர்கள்தான். 1905 வாக்கில் கம்போடியாப் பருத்தி இங்கே வந்தது. பிறகு உகாண்டாப் பருத்தி அதோடு சேர்ந்தது. எம்.சி.யு. 5 என்று வீட்டுக்கு வீடு தெரிந்த ரகத்தின் மூன்றெழுத்து மெட்ராஸ், கம்போடியா, உகாண்டா. அன்றைக்கு விதை எல்லை தாண்டுவதற்குக் கையெழுத்து கிடையாது. ரகத்துக்கு உரிமை கோரச் சட்டமும் கிடையாது. அரசு நிலையம் கொடுத்தது, விவசாயி விதைத்தான், அடுத்த வருஷம் அவனே எடுத்து வைத்தான்.

1995-இல் உலக வர்த்தக அமைப்பு வந்ததும், எதற்கும் உரிமை கோரும் காலமாக மாறியது. அதே வருஷம் மஞ்சள்தூள் காயத்தை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையம் காப்புரிமை வாங்கியது. நம் நாட்டு ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து வழக்காடி 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. ஜெயிக்க வைத்தது பழைய ஏடுகளும் அச்சில் வந்த ஆய்வுகளும்தான். பாட்டி சொன்னாள் என்பது அங்கே செல்லாது, எழுத்து வேண்டும்.

எழுத்து சரியில்லாமல் போனதற்குப் பருத்தியிலேயே உதாரணம் இருக்கிறது. 2002-இல் தனியாரின் மரபணு மாற்றிய பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. அது வீரிய ஒட்டு, வருஷா வருஷம் பாக்கெட் வாங்க வேண்டும். அதற்குப் பதிலாக, விவசாயி எடுத்து வைத்து விதைக்கக்கூடிய பி.டி. ரகம் ஒன்றை நாக்பூர் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையமும் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகமும் கொண்டுவந்தன. பிக்கானேரி நர்மா பி.டி. என்று பெயர். 2008-இல் அனுமதி, அடுத்த வருஷம் வயலுக்கு வந்தது. எனக்கு அந்தச் செய்தி எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி முடியாது. வந்த வேகத்தில் விதை நிறுத்தப்பட்டது. தனியார் நிறுவனமான மான்சான்டோவின் மான் 531 மரபணு அதற்குள் இருப்பதாகத் தெரியவந்தது. விஞ்ஞானி சுதிர் சோபோரி தலைமையில் குழு போட்டு விசாரித்தார்கள். 2012-இல் வந்த அறிக்கையும் அந்த மரபணு இருந்ததை உறுதி செய்தது.

அது ஏழை விவசாயிக்கென்று பொதுப்பணத்தில் செய்த விதை. ஆய்வுக்கூடத்துக்குள் வந்த ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது, யார் கையெழுத்துப் போட்டு வாங்கினார், எந்தச் செடியோடு சேர்ந்தது என்று வருஷாவருஷம் பதிவேட்டில் ஏறி, மேலே ஒருவர் சரிபார்த்திருந்தால் வயலுக்கு வருமுன்பே பிடிபட்டிருக்கும். ஒரு சாதாரண நீல அட்டைக்கு நாங்கள் எத்தனை பரிசோதனை செய்வோம்! அறிவுசார் சொத்து நிர்வாகம் என்றால் வக்கீல் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். முக்கால்வாசி அது பதிவேட்டு வேலை.

சட்டம் இப்போது நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. 2001-ஆம் வருஷத்துத் தாவர ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தில் 39-ஆவது பிரிவு, விதையை எடுத்து வைக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. பதிவான ரகத்தை பிராண்டு போட்டு மட்டும் விற்கக் கூடாது. விவசாயிகள் தங்கள் ரகத்தைத் தாங்களே பதியலாம். ஒரு ரகம் உருவாக அவர்கள் விதை உதவியிருந்தால் பலனில் பங்கும் கேட்கலாம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2006-இல் தன் நிலையங்களுக்கு அறிவுசார் சொத்து வழிகாட்டுதல் வகுத்தது. பொது நிலையங்கள் தங்கள் ரகங்களைப் பதிந்துகொள்வதை நான் ஆதரிக்கிறேன். வேலி போடுவதற்காக அல்ல, வேறொருவர் வேலி போட்டுவிடாமல் இருப்பதற்காக.

மல்லாங்கிணறு பக்கத்து இளைஞர் ஒருவர் சமீபத்தில் வந்தார். கருங்கண்ணியை மருந்தடிக்காமல் போட்டு, கைத்தறிக்குப் பஞ்சு கொடுக்கிறாராம். “ஐயா, இந்த விதைய நான் வித்தா கேஸ் வருமா?” என்று கேட்டார். “பிராண்டு போடாம வித்துக்கோ தம்பி, ஒண்ணும் வராது” என்றேன். கூடவே ஒரு வேலையும் சொன்னேன். அவருடைய தாத்தா யாரிடம் விதை வாங்கினார், எந்த ஊர், எந்தப் புஞ்சை, சர்வே நம்பர் உட்பட வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதித் தேதி போட்டு வைக்க வேண்டும். அடுத்து கோவில்பட்டி நிலையத்துக்கு மனுப் போட்டு, கருங்கண்ணித் தேர்வுகளின் பழைய சேகரிப்புப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்க வேண்டும். மனுவை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.