பன்னிரண்டு வயதுக் கோடு

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் இயேசு ஒரே வழியில் இரு நோயாளரைச் சந்திக்கிறார். தொழுகைக்கூடத் தலைவர் யாயீரின் மகள் சாகுந்தறுவாயில் கிடக்கிறாள். அவளைக் காணச் செல்லும் வழியில் கூட்டத்தினூடே ஒரு பெண் வந்து அவருடைய ஆடையைத் தொடுகிறாள். பெண்ணுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கு. சிறுமிக்கு வயது பன்னிரண்டு. ஒருத்தி நோயில் விழுந்த காலத்தில்தான் மற்றவள் பிறந்திருக்கிறாள். மருத்துவர் பலரிடம் சென்று கைப்பொருளெல்லாம் இழந்தும் அப்பெண்ணின் நிலை முன்னிலும் கேடுற்றது என்று மாற்கு ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். மருத்துவர் என்று மரபு போற்றும் லூக்கா, இதே நிகழ்ச்சியைச் சொல்லும்போது 'கேடுற்றது' என்பதை விட்டுவிடுகிறார். தொழில்பற்று போலும் என்று நாம் புன்னகைத்துக் கொள்ளலாம்.

இவ்விருவரும் இன்று பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பமொன்றில் வாழ்வதாக வைத்துக்கொள்வோம். பொன்னேரிக்கோ மீஞ்சூருக்கோ வந்து, அங்கிருந்து இரயிலேறிச் சென்னைக்குப் போகிறார்கள். நகரை அடைந்ததும் வழி பிரிந்துவிடும். சிறுமி எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்குச் செல்வாள். பெண் இராயபுரத்து மகப்பேறு மருத்துவமனைக்கோ, ஸ்டான்லிக்கோ அனுப்பப்படுவாள். நம் மாநில அரசு மருத்துவமனைகளில் நெடுங்காலமாகப் பன்னிரண்டு வயதே எல்லை. அதுவரை குழந்தை, அதைக் கடந்தால் பெரியவர். யாயீரின் மகள் அந்தக் கோட்டின்மீதே நிற்கிறாள்.

இந்தக் கோடு உயிரைக் காத்ததும் உண்டு. உயிரைத் தவறவிட்டதும் உண்டு. வாதக் காய்ச்சல் என்னும் நோயை எடுத்துக்கொள்வோம். நெருக்கமான வீடுகளில் வாழும் குழந்தைகளுக்கு, பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள், தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் நோய் இது. மூட்டுகள் வீங்கி வலிக்கும். சில வாரங்களில் வலி போய்விடும். வலி போனதும் தாய் நிம்மதி அடைவாள். ஆனால் மூட்டைத் தொட்டுவிட்டுச் சென்ற நோய் இதயத்தைக் கடித்துவிட்டுச் சென்றிருக்கும். மீண்டும் வராதிருக்க மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடவேண்டும். ஓராண்டு ஈராண்டு அல்ல, இருபது வயதைத் தாண்டியும், இதயம் கெட்டிருந்தால் அதற்கும் அப்பால் பல்லாண்டுகள். குழந்தை மருத்துவர் பன்னிரண்டு வயதுவரை ஊசி போடுகிறார். அதன்பின் சிறுமி 'பெரியவள்' ஆகிறாள். பழைய அட்டை வீட்டுப் பரணில் கிடக்கிறது. மூச்சு நன்றாக இருக்கும்போது புதிய மருத்துவமனையைத் தேடி யார் போவார்? பத்தாண்டுகள் கழித்து மணமாகிக் கருவுறுகிறாள். கருவுற்றவளின் உடலில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. சுருங்கிப்போன இதய வால்வு அதைத் தாங்க இயலாமல் நுரையீரலில் நீர் கோக்கிறது. பேறுகாலத்திலோ, அடுத்த நாளிலோ மூச்சுத் திணறல். அப்போது அவளைப் பார்க்கும் மருத்துவர் அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுமியை அறியார். சிறுமியை அறிந்தவர் இந்தத் தாயைக் காணார்.

கோடு எப்படி வந்தது என்பதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதன் ஒரு முனை பழவேற்காட்டோடு ஒட்டியது என்பது பலருக்கு வியப்பாயிருக்கும். 1515-இல் எழுப்பப்பட்டதாகக் கூறப்படும் மகிமை மாதா ஆலயத்தை நாம் அறிவோம். போர்த்துக்கீசியருக்குப் பின் வந்த டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக அதை வைத்திருந்ததையும் அறிவோம். அதே காலத்தில் அவர்களுடைய தாயகத்து லெய்டன் நகரில் வேறொரு காரியம் நடந்தது. முன்பு கன்னியர் மடமாயிருந்த புனித செசிலியா இல்லத்தில், 1636-இல் ஓட்டோ ஹியூர்னியஸ் என்னும் பேராசிரியர் மாணவரை நோயாளியின் கட்டிலருகே அழைத்துச் சென்று பாடம் சொல்லத் தொடங்கினார். 1714-இல் அப்பணியை ஏற்ற போர்ஹாவே அதை ஐரோப்பா முழுதும் புகழ்பெறச் செய்தார். அவருக்கு இருந்தவை பன்னிரண்டே கட்டில்கள்: ஆண்களுக்கு ஆறு, பெண்களுக்கு ஆறு. குழந்தைகளுக்கென்று கட்டில் இல்லை. லெய்டனில் பயின்றவர்கள் 1726-இல் எடின்பரோ மருத்துவத் துறையை உருவாக்க, ஸ்காட்லாந்தில் கற்ற மருத்துவர்கள் வழியே அம்முறை இந்தியாவிற்குள்ளும் புகுந்தது. 1835-இல் சென்னையில் தொடங்கிய மருத்துவப் பள்ளி, 1850-இல் கல்லூரியாயிற்று. இன்றும் பேராசிரியர் முன்னே செல்ல மாணவர் கூட்டம் பின்தொடரும் காட்சியை நம் பொது மருத்துவமனைகளில் காண்கிறோமே, அதன் வேர் அந்தப் பன்னிரண்டு கட்டில்களில் இருக்கிறது.

குழந்தை என்பது சிறிய மனிதன் அல்ல. அதன் நோய் வேறு, மருந்தின் அளவு வேறு என்று தெளிந்தபோது தனி மருத்துவமனைகள் எழுந்தன. பாரிசில் 1802-இல், இலண்டனில் 1852-இல். அது நல்ல பிரிவினை. எண்ணற்ற குழந்தைகள் அதனால் பிழைத்தனர். பிரிவு ஏற்பட்ட இடத்தில் பாலம் இடப்படவில்லை என்பதே குறை.

நம் திருச்சபையின் வீட்டிலும் ஒரு கோடு இருந்தது. துறவற சகோதரிகள் மகப்பேற்று மருத்துவம் செய்யலாகாது என்பது நெடுநாளைய ஒழுங்கு. இராவல்பிண்டியில் ஆண் மருத்துவரைப் பார்க்க மறுத்த பெண்கள் மருத்துவமின்றி மடிவதை அறிந்த ஆக்னஸ் மக்லாரன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், முதிய வயதில் உரோமைக்கு மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். 1920-இல் குண்டூருக்கு வந்த ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி, சிறப்பு அனுமதி பெற்றே துறவியாகவும் மருத்துவராகவும் பணிபுரிய முடிந்தது. 1936 பெப்ருவரியில்தான் உரோமை பொதுவான இசைவை அளித்தது. அதுவரை தாயின் கட்டிலருகே நின்ற சகோதரி, மருத்துவம் தெரிந்திருந்தும் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

பாலம் இடும் முயற்சிகளுள் ஒன்று அமெரிக்காவில் 1967-இல் தொடங்கியது. பெரியவர்க்கான பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் ஆகிய இரண்டிற்கும் தேர்வு நடத்தும் இரு வாரியங்கள் கூடி, பட்டம் பெற்றபின் மருத்துவமனையிலேயே பயிலும் இளம் மருத்துவருக்கு நான்காண்டு இணைப்புப் பயிற்சியை வகுத்தன. ஈராண்டு இங்கே, ஈராண்டு அங்கே. தனித்தனியே படித்தால் மூன்றும் மூன்றும் ஆறாண்டுகள். சில திங்களுக்கு ஒருமுறை துறை மாறவேண்டும். தொண்ணூறு வயது முதியவரின் கட்டிலிலிருந்து, எடை குறைந்து பிறந்த சிசுவின் கண்ணாடிப் பெட்டிக்கு ஒரே வாரத்தில் நகர வேண்டியிருக்கும். நம் நாட்டில் இத்தகைய இரட்டைப் பயிற்சி வேரூன்றவில்லை. குடும்ப மருத்துவப் பட்டமேற்படிப்பே அதற்கு நெருங்கிய உறவு.

அப்பயிற்சியின் உயிர்நாடி வகுப்பறைச் சொற்பொழிவு அன்று. அன்றாடக் கலந்தாய்வுக் கூட்டங்களே. காலையில் முந்தைய இரவு வந்த நோயாளரைப் பற்றிய பேச்சு. இரவெல்லாம் விழித்த மருத்துவர் நோயாளியின் கதையைச் சொல்ல, மற்றவர்கள் இடைமறித்து வினவுவார்கள்: ஏன் அப்படி நினைத்தாய், வேறென்ன இருந்திருக்கலாம்? நண்பகலில் உணவோடு ஒரு பாடம். (சோறு இல்லாத நண்பகல் கூட்டத்திற்கு எந்த நாட்டிலும் ஆள் சேராது.) வாரம் ஒருமுறை துறை முழுதும் கூடும் பெரிய அவை. பாஸ்டன் நகரில் ரிச்சர்ட் கபோட் வளர்த்த இன்னொரு வகையும் உண்டு. நோயாளியின் வரலாறு மட்டும் தரப்பட, மூத்த மருத்துவர் ஒருவர் அனைவர் முன்னிலையிலும் நோயைக் கண்டறிய முயல்வார். இறுதியில் பிணக்கூறு ஆய்வாளர் எழுந்து உண்மையைச் சொல்வார். பெரும் பேராசிரியர்கள் அங்கே தவறியிருக்கிறார்கள். தவறியதும் அச்சாகியிருக்கிறது.

இணைப்புப் பயிற்சியினர் இவற்றோடு தமக்கென ஒரு கூட்டத்தையும் வைத்துக்கொள்வதுண்டு. இரு துறைக்கும் நடுவே விழும் நோயாளரே அங்கே பேசுபொருள். பிறவி இதயக் குறையோடு பிறந்து, முன்பென்றால் குழந்தைப் பருவத்திலேயே மடிந்திருக்கக்கூடியவர், இன்று அறுவை மருத்துவத்தால் முப்பது வயதை எட்டியிருக்கிறார். அவரைப் பார்ப்பது யார்? கைக்குழந்தைக்குக் காசநோய் என்றால், அதற்குக் கொடுத்த பெரியவர் வீட்டில் இருமிக்கொண்டிருக்கிறாரே, அவரைத் தேடியவர் யார்? இக்கேள்விகள் ஒரு மேசையைச் சுற்றி இருதரப்பாரும் அமரும்போதுதான் கேள்விகளாகவே எழுகின்றன. தனித்தனியே இருக்கையில் ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்துவிட்ட நிறைவோடு வீடு திரும்பலாம். மேற்சொன்ன இதய நோய்ப் பெண்ணின் கதையில் எந்த மருத்துவரும் தம் எல்லைக்குள் தவறு செய்யவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

இறந்தவரைப் பற்றிய கூட்டமே எல்லாவற்றிலும் கடினமானது. பாஸ்டன் அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், நோயாளி ஒவ்வொருவரும் இறுதியில் என்ன ஆனார் என்பதைத் தொடர்ந்து அறிந்து வெளியிட வேண்டும் என்றார். தாமே ஒரு சிறு மருத்துவமனை நடத்தி, 1911 முதல் 1916 வரை அங்கு வந்து சென்ற 337 நோயாளரின் கணக்கில் 123 தவறுகளை ஒப்புக்கொண்டு அச்சிட்டார். சகமருத்துவர் அவரை வெறுத்தனர், பதவிகளை இழந்தார், எளிய நிலையில் இறந்தார். இரவு செபத்திற்குமுன் ஆன்ம சோதனை செய்யப் பழகிய நமக்கு அவர் கேட்டது அந்நியமன்று. ஒன்று மட்டும் வேறுபடுகிறது. நாம் நம் குற்றத்தைக் குருவின் காதில் சொல்கிறோம். அவர் அதையே தம் போட்டியாளர் அனைவரும் படிக்கும்படி சொன்னார். எது கடினம் என்று சொல்லத் தேவையில்லை.

இத்தகைய கூட்டம் மருத்துவமனைச் சுவரைத் தாண்டி மக்களிடம் வந்தது நம் தமிழ்நாட்டில் என்பது பெருமைக்குரியது. பேறுகால மரணங்களை ஆராயும் முறை இங்கே 1994-இல் தொடங்கி, 2004-இல் அரசாணையால் கட்டாயமாயிற்று. இறந்த பெண்ணின் வீட்டிற்கே சென்று கேட்பர்: எப்போது வலி கண்டது, யார் முடிவெடுத்தார்கள், வண்டி எப்போது வந்தது, எத்தனை மருத்துவமனைகள் மாற்றி அனுப்பின? பின்னர் மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் கூட்டம் நடக்கும். இறந்தவளின் உறவினரும் அங்கே அழைக்கப்படுவர். மெத்தப் படித்தவர்கள் சூழ்ந்த அறையில் கணவனோ தாயோ எழுந்து நடந்ததைச் சொல்வார்கள். 2010-இல் மைய அரசு நாடு முழுமைக்கும் வகுத்த நெறிமுறையிலும் இவ்வழக்கம் இடம்பெற்றது. 2001-03 கணக்கில், தமிழ்நாட்டில் உயிருடன் பிறந்த ஒரு இலட்சம் குழந்தைகளுக்கு 134 தாய்மார் இறந்தனர். 2018-20-இல் அது 54. இரத்த வங்கிகளும், இரவு பகல் இயங்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களும், 108 வண்டியும் இதற்குக் காரணம். எங்கே இரத்தம் இல்லை, எந்த வண்டி வரவில்லை என்பதை அந்த உறவினர்களின் வாய்ச்சொல்லும் காட்டிக்கொடுத்தது.

குழந்தை மரணங்களை ஆராய்வதற்கு மைய அரசின் நெறிமுறை 2014-இல் வந்தது. அதற்குத் தனிப் படிவம், தனி ஆய்வு. ஒரே பேற்றில் தாயும் சேயும் இறந்துபோனால் ஒரே குடிசையின் வாசலில் இரு படிவங்கள் நிரப்பப்படும். தாயின் படிவத்தில் அவளுக்கு முன்பே இருந்த நோய்களைக் கேட்கிறார்கள். இதய நோய் உண்டா என்ற கேள்வி வரும்போது, பழவேற்காட்டுத் தாய் ஒருத்தி பரண்மேலிருந்து மஞ்சளேறிய ஓர் அட்டையை எடுத்துவரக்கூடும். கடைசி ஊசியின் தேதிக்கு நேரே வயது என்ற கட்டத்தில் பன்னிரண்டு என்று எழுதியிருக்கும்.